விளையாட்டுக் கணக்கும் வீட்டு உறுதியும்



இக்கட்டுரையை எழுதும்படி எங்கள் தகவல் தொழினுட்ப ஆசிரியை கேட்டபோது நான் மறுத்தேன். "வேற தலைப்புத் தாங்கோ டீச்சர்" என்றேன். எனக்கு வெட்கமாக இருந்தது. அவர் சிரித்துவிட்டு, "வெக்கப்பட்டதாலதானே பிள்ளை மூண்டு நாள் பிந்தினது. நீர் எழுதினா இன்னொரு பிள்ளை பிந்தாது" என்றார். அதற்குப் பிறகு மறுக்க முடியவில்லை.

நான் உயர்தரத்தில் தொழினுட்பப் பிரிவில் படிக்கிறேன். கைத்தொலைபேசியில் விளையாடுகிறவள். எங்கள் வீடுகளில் 'கேம்' என்றால் அது தம்பிமாருக்கு உரியது; பெண்பிள்ளை விளையாடினால் படிப்பைக் கெடுக்கிறாள் என்று பேச்சு வரும். ஆகவே ஆண்பிள்ளையின் பெயர்போல ஒரு புனைபெயரை வைத்துக்கொண்டு, இஷாத் தொழுகைக்குப் பிறகு அரை மணித்தியாலம், உம்மாவுக்குத் தெரியாமல் விளையாடி வந்தேன். இரண்டு வருடங்களில் கணக்கு நன்றாக வளர்ந்திருந்தது. கொழும்பில் வேலை செய்யும் நானாவுக்கு மட்டும் இந்த விடயம் தெரியும். என் பிறந்தநாளுக்கு ஒருமுறை தன் வங்கி அட்டையால் டயமண்ட் வாங்கித் தந்தார்.

கடந்த நோன்புப் பெருநாளுக்கு முந்திய இரவு, என்னுடன் ஒரே அணியில் விளையாடும் ஒருவரின் கணக்கிலிருந்து செய்தி வந்தது. பெருநாள் பரிசாக 2,000 டயமண்ட் இலவசம், இன்றிரவு மட்டும் என்று எழுதி ஓர் இணைப்பும் இருந்தது. அழுத்தினேன். முகநூலின் நுழைவுப் பக்கம் போலவே ஒரு பக்கம் திறந்தது. கடவுச்சொல்லைக் கொடுத்தேன். கைத்தொலைபேசிக்கு வந்த ஆறு இலக்க எண்ணைக் கேட்டது. அதையும் கொடுத்தேன். "தவறு, மீண்டும் முயற்சிக்கவும்" என்றது. மீண்டும் கொடுத்தேன். பத்து நிமிடத்தில் விளையாட்டிலிருந்தும் முகநூலிலிருந்தும் வெளியே தள்ளப்பட்டேன். திரும்ப நுழைய முயன்றபோது என் கடவுச்சொல் செல்லவில்லை.

பெருநாளன்று புதுச்சட்டை போட்டுக்கொண்டு எல்லோருடனும் சிரித்துக் கதைத்தேன். வீட்டில் சொல்லவில்லை. சொன்னால் விளையாடியதும் தெரியவரும். மூன்று நாட்கள் அப்படியே போயின.

மூன்றாம் நாள் என் வகுப்புத் தோழி அழுதுகொண்டு வந்தாள். முகநூலில் 'நான்' அவளுக்குச் செய்தி அனுப்பியிருக்கிறேன். "என்ர கணக்குப் பூட்டுப்பட்டிட்டுது. உன்ர நம்பருக்கு ஒரு கோட் வரும், அதை அனுப்படி" என்று எழுதியிருந்தது. நான்தானே என்று அனுப்பிவிட்டாள். அவளுடைய முகநூலும் அதனோடு இணைத்திருந்த விளையாட்டுக் கணக்கும் போய்விட்டன. அவளுடைய வாப்பா கைத்தொலைபேசியை வாங்கி அலுமாரியில் பூட்டிவிட்டார். எங்கள் வகுப்புக்கான கடந்தகால வினாத்தாள்கள் எல்லாம் வட்ஸ்அப் குழுவில்தான் வருகின்றன. என் மூன்று நாள் மௌனத்துக்கு அவள் ஒரு மாதப் படிப்பைக் கொடுத்தாள்.

அன்று இரவே உம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். ஏச்சு விழும் என்று நினைத்தேன். உம்மா முதலில் கேட்டது ஒன்றுதான்: "அந்தப் பிள்ளையின்ர போனுக்கு இப்ப என்ன வழி?" மறுநாள் இருவரும் அவர்கள் வீட்டுக்குப் போய் மன்னிப்புக் கேட்டோம்.

அதன்பின் மீட்பு வேலையில் இறங்கி நான் கற்றவற்றையும், ஆசிரியையின் உதவியோடு படித்தறிந்தவற்றையும் ஒழுங்காகக் கீழே தருகிறேன்.

1. பறிப்பவர் யார், எப்படிப் பறிக்கிறார்?

'ஹேக்' என்றவுடன் இருட்டறையில் கணினித் திரைக்கு முன் இருக்கும் ஒரு மேதையைக் கற்பனை செய்கிறோம். பெரும்பாலும் அப்படி இல்லை. கணக்கைக் காக்கும் பூட்டை உடைப்பது கடினம். உரிமையாளரிடமே சாவியைக் கேட்டு வாங்குவது எளிது. பறிப்பவர்கள் எளிதான வழியையே தேர்கிறார்கள்.

2020 ஜூலை 15 ஆம் திகதி அமெரிக்காவில் பராக் ஒபாமா, ஜோ பைடன், ஈலோன் மஸ்க் போன்றோரின் ட்விட்டர் கணக்குகள் ஒரே நாளில் கைப்பற்றப்பட்டன. அனுப்பும் பிட்கொயினை இரட்டிப்பாக்கித் தருவோம் என்ற மோசடிச் செய்தி அவற்றில் வெளியானது. இதற்குத் தலைமை தாங்கியதாகக் கைதானவர் புளோரிடாவைச் சேர்ந்த 17 வயது இளைஞர். அவரும் கூட்டாளிகளும் ட்விட்டர் ஊழியர்களைத் தொலைபேசியில் அழைத்து, உள்ளக உதவிப் பிரிவிலிருந்து கதைப்பதாக நம்பவைத்து, நுழைவு விபரங்களைப் பெற்றிருந்தார்கள். அந்த இளைஞர் ஏமாற்றத் தொடங்கிய இடம் மைன்கிராப்ட் விளையாட்டு என்று பத்திரிகைகள் எழுதின. விளையாட்டுக்குள் பொருள் விற்பதாகக் காசு வாங்கிக்கொண்டு மறைந்துவிடுவாராம். 2021 மார்ச்சில் குற்றத்தை ஒப்புக்கொண்டு மூன்று வருடத் தண்டனை பெற்றார். சிறுபிள்ளைகளின் விளையாட்டுக் கணக்கில் பழகிய அதே தந்திரம் ஒரு பெரிய நிறுவனத்திலும் பலித்திருக்கிறது.

ஏமாறுகிறவர்கள் விபரமறியாதவர்கள் மட்டும்தான் என்றும் நினைக்க வேண்டாம். கணினி விளையாட்டுகளை விற்கும் ஸ்டீம் தளத்தை நடத்துவது வால்வ் நிறுவனம். மாதமொன்றுக்கு ஏறத்தாழ 77,000 கணக்குகள் அங்கே கைப்பற்றப்பட்டுச் சூறையாடப்படுவதாக 2015 டிசம்பரில் அந்நிறுவனமே அறிவித்தது. இழந்தவர்களில் தொழில்முறை விளையாட்டு வீரர்களும் பொருள் வர்த்தகத்தில் பழுத்தவர்களும் இருந்ததாகவும் அது சொன்னது. இதைப் படித்தபோது என் வெட்கம் பாதி குறைந்தது.

எங்கள் பக்கத்தில் நடமாடும் தந்திரங்களை ஐந்தாகப் பிரிக்கலாம்.

முதலாவது, இலவசப் பரிசு. எனக்கு நேர்ந்தது இதுதான். போலி நுழைவுப் பக்கம் நாம் கொடுக்கும் கடவுச்சொல்லையும் ஆறு இலக்க எண்ணையும் அந்த நொடியிலேயே மோசடிக்காரரிடம் சேர்க்கும். அவர் உண்மையான தளத்தில் அதைப் பயன்படுத்துவார். எனக்குத் "தவறு, மீண்டும்" என்று வந்ததெல்லாம் அவர் உள்ளே நுழைவதற்கு எடுத்துக்கொண்ட நேரம்.

இரண்டாவது, தெரிந்தவரின் குரல். பறிக்கப்பட்ட ஒரு கணக்கைக்கொண்டு அதன் நண்பர்களிடம் எண்ணைக் கேட்பது. என் தோழிக்கு நடந்தது இது. பெயரும் படமும் தெரிந்தவையாக இருப்பதால் சந்தேகம் வராது.

மூன்றாவது, கணக்கு விற்பனை. நல்ல 'ஸ்கின்'கள் உள்ள கணக்கை மலிவாகத் தருவதாகச் சொல்வார்கள். காசு கொடுத்து வாங்கிய பின்னரும், முதலில் பதிந்த மின்னஞ்சல் விற்றவரிடமே இருக்கும். சில வாரங்களில் 'என் கணக்குக் களவு போய்விட்டது' என்று முறைப்பாடு செய்து அவரே திருப்பி எடுத்துக்கொள்வார். பெரும்பாலான விளையாட்டு நிறுவனங்களின் விதிகள் கணக்கு விற்பனையைத் தடைசெய்வதால், வாங்கியவர் போய் நியாயம் கேட்கவும் முடியாது.

நான்காவது, 'மொட்' எனப்படும் மாற்றிய செயலி. எதிரியைச் சுவருக்குப் பின்னாலும் காட்டும், டயமண்டைப் பெருக்கும் என்பார்கள். உத்தியோகபூர்வச் செயலிக் கடைக்கு வெளியிலிருந்து அதை இறக்கி, கேட்கிற அனுமதியையெல்லாம் கொடுத்துவிட்டால், கைத்தொலைபேசிக்கு வரும் குறுஞ்செய்திகளைக்கூட அது வாசிக்கலாம்.

ஐந்தாவதுதான் மிகக் கொடியது. கணக்கை இழந்து தவிப்பவரைத் தேடிவந்து, "நான் மீட்டுத் தருகிறேன், கொஞ்சக் காசு அனுப்பு" என்பது. நான் கணக்கு இழந்ததை ஒரு குழுவில் எழுதிய அன்றே மூன்று பேர் அப்படி வந்தார்கள். ஒருவர் ரீலோட் அட்டையின் இலக்கத்தைக் கேட்டார். இன்னொருவர் என் அடையாள அட்டையின் படத்தைக் கேட்டார். நிறுவனத்தின் உதவிப் பிரிவைத் தவிர வேறு எவராலும் கணக்கை மீட்டுத் தர முடியாது. முடியும் என்பவர் இரண்டாவது கள்வர்.

2. கணக்கின் அத்திவாரம் எங்கே இருக்கிறது?

இங்கேதான் நான் பெரிய தவறு விட்டிருந்தேன். விளையாட்டுக் கணக்கு ஒரு மாடி வீடு போன்றது. மேல்மாடியில் விளையாட்டு. அதற்குள் முகநூல் அல்லது கூகுள் வழியாக நுழைகிறோம். முகநூலுக்குக் கீழே மின்னஞ்சல். மின்னஞ்சலுக்குக் கீழே தொலைபேசி இலக்கம். கீழ்மாடியைப் பிடித்தவர் மேல்மாடியை எப்போதும் திறக்கலாம். "கடவுச்சொல்லை மறந்துவிட்டேன்" என்று அழுத்தினால் போதும். நான் முகநூலுக்கும் மின்னஞ்சலுக்கும் ஒரே கடவுச்சொல்லை வைத்திருந்தேன். கள்வர் ஒரு சாவியால் இரண்டு மாடிக்கும் போய்விட்டார்.

'விருந்தினர்' கணக்காக விளையாடுபவர்கள் இன்னும் கவனிக்க வேண்டும். அக்கணக்குக்கு அத்திவாரமே இல்லை. கைத்தொலைபேசி உடைந்தாலோ செயலி அழிந்தாலோ பொதுவாகக் கணக்கும் அதனோடு போய்விடும்.

ஒரே கடவுச்சொல்லைப் பல இடங்களில் வைப்பது ஏன் ஆபத்து என்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு. 2011 ஏப்ரலில் சோனி நிறுவனத்தின் பிளேஸ்டேசன் வலையமைப்புக்குள் ஊடுருவல் நடந்து, ஏறத்தாழ 7 கோடி 70 இலட்சம் கணக்குகளின் விபரங்கள் வெளியேறின. சேவை மூன்று வாரங்களுக்கு மேல் மூடிக் கிடந்தது. பாவனையாளர்கள் ஒரு தவறும் செய்யவில்லை. ஆனாலும் இப்படி ஓரிடத்தில் வெளியேறும் கடவுச்சொற்களைக் கொண்டு மற்றத் தளங்களிலும் நுழைந்து பார்ப்பது கள்வர்களின் வழக்கம்.

3. பூட்டுவது எப்படி?

கடவுச்சொல்: நீளமே பலம். சிறிய ஆங்கில எழுத்துகள் எட்டைக் கொண்டு அமையக்கூடிய சொற்கள் சுமார் 20,882 கோடி. பெரிய எண்ணாகத் தெரிந்தாலும் கணினிக்கு அது பெரிதல்ல. இன்னொரு முறை இருக்கிறது. 7,776 சொற்கள் கொண்ட பட்டியலை வைத்துக்கொண்டு, தாயக்கட்டையை ஐந்து தடவை உருட்டி ஒரு சொல்லைத் தேர்வது. ஆறு பக்கக் கட்டை ஐந்து தடவை விழுந்தால் 6 இன் ஐந்தாம் அடுக்கு, அதாவது 7,776 வகை வரும். அவ்வாறு நான்கு சொற்களைச் சேர்த்தால், மேற்சொன்ன எட்டு எழுத்துக் கடவுச்சொல்லைவிட ஏறத்தாழ 17,500 மடங்கு கடினம். ஆனால் சொற்களைக் கட்டைதான் தேர வேண்டும். நாமே தேர்ந்தால் தம்பியின் பெயரும் பிறந்த வருடமும்தான் வரும்.

எல்லாவற்றையும் மனப்பாடம் செய்ய முடியாது. கடவுச்சொல் முகாமைச் செயலி ஒன்றைப் பயன்படுத்தலாம். அதில் இன்னொரு நன்மையும் உண்டு. உண்மையான தளத்தில் மட்டுமே அது கடவுச்சொல்லைத் தானாக நிரப்பும். போலிப் பக்கத்தில் நிரப்பாது. வழக்கமாக நிரப்பும் செயலி ஒருநாள் நிரப்பாவிட்டால், கையால் அடிக்க முன்னர் முகவரியைப் பாருங்கள்.

முகவரியை வாசிக்கும் முறை: முன்னால் 'பேஸ்புக்' என்ற சொல் இருப்பது போதாது. முதலில் வரும் தனிச் சாய்கோட்டுக்குச் சற்று முன்னால் உள்ள சொற்களே உரிமையாளரைக் காட்டும். 'பேஸ்புக் டொட் பெருநாள்பரிசு டொட் கொம்' என்றிருந்தால் அது பேஸ்புக்குக்கு உரியதல்ல. 'பெருநாள்பரிசு' என்ற பெயரைப் பதிந்தவருக்கு உரியது. கடிதத்தின் முகவரியில் கடைசியில் இருக்கும் ஊரைப் பார்ப்பது போலத்தான்.

இரண்டாம் பூட்டு: இதை இருபடிச் சரிபார்ப்பு என்கிறோம். குறுஞ்செய்தியில் எண் வருவது ஒரு வகை. அதைவிட நல்லது, எண்ணை உருவாக்கும் செயலி. முதல் நாள் நாம் படம்பிடிக்கும் கட்டக் குறியீட்டில் ஓர் இரகசிய எண் இருக்கிறது. அது நம் கைத்தொலைபேசியிலும் நிறுவனத்தின் கணினியிலும் பதிவாகும். இரண்டும் அந்த இரகசியத்தையும் அப்போதைய நேரத்தையும் சேர்த்து ஒரே கணக்கைச் செய்து ஆறு இலக்க எண்ணைப் பெறுகின்றன. வழக்கமாக 30 வினாடிக்கு ஒருமுறை எண் மாறும். தொலைபேசி இணைப்பே இல்லாத இடத்திலும் இது வேலை செய்யும். போர்ட்நைட் விளையாட்டை நடத்தும் எபிக் நிறுவனம், இதைச் செய்ய வைப்பதற்காகவே 2018 இல் இரண்டாம் பூட்டுப் போட்டவர்களுக்கு ஒரு நடன அசைவை இலவசமாகக் கொடுத்தது. அதற்காகவாவது பிள்ளைகள் பூட்டட்டும் என்று நினைத்திருப்பார்கள்.

ஆனால் எந்த எண்ணாக இருந்தாலும் நாமே போலிப் பக்கத்தில் கொடுத்தால் பயனில்லை. நான் கொடுத்தேன். ஆகவே விதி ஒன்று: எண் என்பது நாம் தொடங்கிய வேலைக்கு நாமே, அந்தச் செயலியினுள்ளே அடிப்பதற்கு மட்டும். வாயாலும் செய்தியாலும் எவருக்கும் கொடுப்பதில்லை, உடன்பிறந்தவராக இருந்தாலும்.

தோழியின் பெயரில் எண் கேட்டு வந்தால் அவளுக்கு அழைப்பெடுத்துக் குரலைக் கேளுங்கள். என் தோழி அன்று ஒரு நிமிடம் அழைத்திருந்தால் இருவருமே தப்பியிருப்போம்.

4. பறிபோன பின் என்ன செய்வது?

நேரம்தான் இங்கே முதல் மருந்து. பதறி மேல்மாடியில், அதாவது விளையாட்டில் தொடங்காதீர்கள். கீழிருந்து மேலே போங்கள்.

தொலைபேசி இலக்கம் நம் கையில் இருக்கிறதா என்று பாருங்கள். 'சிம்' திடீரென்று வேலை செய்யாமல் போயிருந்தால் உடனே சேவை வழங்குநரிடம் சொல்ல வேண்டும்.

அடுத்து மின்னஞ்சல். கடவுச்சொல்லை மாற்றி, "எல்லாச் சாதனங்களிலிருந்தும் வெளியேறு" என்பதையும் அழுத்துங்கள். ஏற்கெனவே உள்ளே இருப்பவர் கடவுச்சொல் மாறிய பின்னரும் சில வேளை உள்ளேயே இருப்பார். பின்னர் அமைப்புகளுக்குள் போய், நம் அஞ்சல்கள் வேறு முகவரிக்குத் தானாகப் போகும்படி கள்வர் ஏதும் செய்து வைத்திருக்கிறாரா, தன் இலக்கத்தை மீட்பு இலக்கமாகச் சேர்த்திருக்கிறாரா என்று பாருங்கள். குப்பைத் தொட்டியையும் பாருங்கள். என் முகநூலின் மின்னஞ்சல் மாற்றப்பட்டதாக முதல் இரவே வந்த அறிவித்தல் அங்கேதான் கிடந்தது. "இதைச் செய்தது நீங்கள் இல்லையென்றால் இங்கே அழுத்துங்கள்" என்று அதில் எழுதியிருந்தது. நான் மூன்று நாள் திறந்து பார்க்காத அஞ்சல் அது.

மூன்றாவது முகநூல் அல்லது கூகுள் கணக்கு. அவற்றின் மீட்புப் பக்கம் அடையாள ஆவணத்தைக் கேட்கலாம். என் தேசிய அடையாள அட்டையின் படத்தைக் கொடுத்து ஒன்பதாம் நாள் முகநூலைப் பெற்றேன். புனைபெயரில் முகநூல் வைத்திருப்பவர்களுக்கு இந்த இடத்தில் சிக்கல் வரும். என் புனைபெயர் விளையாட்டில் மட்டும் இருந்தது நல்லதாயிற்று.

கடைசியாக விளையாட்டு. நிறுவனத்தின் உதவிப் பிரிவு என்னிடம் கேட்டவை இவை: கணக்கின் இலக்கம், அதைத் தொடங்கிய காலம், பயன்படுத்திய கைத்தொலைபேசியின் வகை, முதல் முதலாகப் பொருள் வாங்கியதன் பற்றுச்சீட்டு இலக்கம். முதல் மூன்றையும் எப்படியோ சொல்லிவிட்டேன். நான்காவது என்னிடம் இல்லை. நானாவின் மின்னஞ்சலில் இருந்தது. இரண்டு வருடத்துக்கு முந்திய அந்தப் பற்றுச்சீட்டை அவர் தேடி அனுப்பினார். மூன்று வாரம் கழித்துக் கணக்குத் திரும்பியது. சில பொருட்கள் போயிருந்தன.

என் தோழியின் முகநூலும் பிந்தித் திரும்பியது. விளையாட்டுக் கணக்குத் திரும்பவில்லை. அவள் ஒருபோதும் காசு கொடுத்து எதையும் வாங்கியதில்லை. கணக்கின் இலக்கத்தை எங்கும் எழுதி வைக்கவும் இல்லை. அது தன்னுடையது என்று காட்ட அவளிடம் எதுவுமே இருக்கவில்லை.

5. உம்மும்மாவின் தகரப்பெட்டி

இதையெல்லாம் உம்மாவிடம் சொல்லிக்கொண்டிருந்தபோது அருகில் இருந்த உம்மும்மா, "எங்கட உறுதி மாதிரியே" என்றார்.

1990 ஒக்டோபர் 30 ஆம் திகதி யாழ்ப்பாண நகர முஸ்லிம்கள் ஜின்னா மைதானத்துக்கு அழைக்கப்பட்டு, இரண்டு மணித்தியாலத்தில் வெளியேறும்படி விடுதலைப் புலிகளால் கட்டளையிடப்பட்டார்கள். உம்மும்மா வீட்டைப் பூட்டித் திறப்பை எடுத்துக்கொண்டு புறப்பட்டார். புத்தளத்தில் அகதி வாழ்வு. பல வருடங்களுக்குப் பிறகு திரும்பியபோது அந்தத் திறப்புக்குப் பூட்டும் இல்லை, கதவும் இல்லை. காணி எங்களுடையது என்று காட்ட உதவியது, காலஞ்சென்ற பாட்டனார் முன்னரே கொழும்பில் ஓர் உறவினரிடம் கொடுத்து வைத்திருந்த உறுதியின் பிரதி. பிரதி இல்லாதவர்கள் எத்தனையோ கந்தோர்களுக்கு அலைந்தார்கள்.

ஒரு சமூகத்தின் வெளியேற்றத்தோடு ஒரு விளையாட்டுக் கணக்கை நான் ஒப்பிட மாட்டேன், அது தகாது. உம்மும்மாவும் அப்படிச் சொல்லவில்லை. திறப்பு வேறு, உறுதி வேறு என்றுதான் சொன்னார். திறப்பைப் பறிகொடுத்தவருக்கும் உறுதி இருந்தால் ஒரு வழி இருக்கும். உறுதியை வீட்டுக்குள்ளேயே வைத்துப் பூட்டக்கூடாது.

கடவுச்சொல் திறப்பு. கணக்கின் இலக்கம், தொடங்கிய திகதி, முதல் பற்றுச்சீட்டு, மீட்பு எண்கள் ஆகியவை உறுதி. இரண்டாம் பூட்டுப் போடும்போது பல தளங்கள் மீட்பு எண்கள் சிலவற்றைத் தரும். கைத்தொலைபேசி தொலைந்தால் அவைதான் கைகொடுக்கும். அவற்றைக் கைத்தொலைபேசியிலேயே படம்பிடித்து வைப்பதில் பயன் இல்லை. தாளில் எழுதி, வீட்டில் முக்கிய ஆவணங்கள் இருக்கும் இடத்தில் வையுங்கள். என்னுடையவை இப்போது உம்மும்மாவின் தகரப்பெட்டியில், காணி உறுதியின் கீழே இருக்கின்றன.

6. சட்டமும் உதவியும்

பிறரின் கணக்குக்குள் அனுமதியின்றி நுழைவது இலங்கையில் குற்றம். 2007 ஆம் ஆண்டின் 24 ஆம் இலக்கக் கணினிக் குற்றங்கள் சட்டத்தின் மூன்றாம் பிரிவு இதற்கு ஐந்து வருடம் வரை சிறைத்தண்டனையோ தண்டப்பணமோ இரண்டுமோ விதிக்க இடமளிக்கிறது. 'சும்மா விளையாட்டுக்கு' தோழியின் கணக்கைத் திறந்து பார்க்கும் நம்மையும் இச்சட்டம் பார்க்கிறது என்பதை மறக்க வேண்டாம்.

2006 இல் அமைக்கப்பட்ட இலங்கை சேர்ட் நிறுவனத்துக்கு 101 என்ற இலக்கத்தில் அழைத்து ஆலோசனை பெறலாம். காசு பறிபோயிருந்தால் பொலிஸில் முறைப்பாடு செய்யலாம். கணினிக் குற்றப் புலனாய்வுக்கென்று பொலிஸ் திணைக்களத்தில் தனிப்பிரிவு உண்டு. கணக்கிலிருந்து நம் படங்களை எடுத்து எவராவது மிரட்டினால் ஒரு சதமும் கொடுக்காமல், பதிலும் எழுதாமல், செய்திகளைத் திரையில் படம்பிடித்து வைத்துக்கொண்டு பெரியவர் ஒருவரிடம் சொல்லுங்கள். சிறுவர்களுக்கு 1929, பெண்களுக்கு 1938 என்ற உதவி இலக்கங்கள் இருக்கின்றன. இணையத்தில் துன்புறும் பெண்களுக்கு உதவ 'ஹிதவதி' என்ற சேவையும் இயங்குகிறது. ஆத்திரத்தில் செய்திகளை அழித்துவிட்டால் சான்றும் அழிந்துவிடும்.

நிறைவாக

நம் கணக்குக்குள் நாம் மட்டும் இல்லை. நம்மை நம்பி நண்பர்களாகச் சேர்ந்தவர்களும் இருக்கிறார்கள். அந்த நம்பிக்கை நம்மிடம் ஒப்படைக்கப்பட்ட அமானிதம். நான் இழந்தது டயமண்டும் ஸ்கின்னும் என்று நினைத்து மூன்று நாள் மறைத்தேன். அந்த மூன்று நாளும் என் பெயரில் இன்னொருவர் என் நண்பர்களோடு கதைத்துக்கொண்டிருந்தார். கணக்குப் போனது தெரிந்த அந்த நிமிடமே வேறு வழியால் எல்லோருக்கும் அறிவியுங்கள்: "இது நான் இல்லை, எதுவும் அனுப்ப வேண்டாம்." இந்த ஒரு வரியை அன்று நான் எழுதவில்லை.

இதை வாசிக்கும் தாய்மாருக்கும் ஒரு வேண்டுகோள். பிள்ளை வந்து சொல்லும்போது முதலில் ஏசாதீர்கள். ஏச்சுக்குப் பயந்து பிள்ளை மறைக்கும் ஒவ்வொரு நாளும் கள்வருக்கு இலாபம். விளையாட்டு வேண்டுமா வேண்டாமா என்பதைப் பிறகு ஆறுதலாகக் கதைக்கலாம். என் உம்மாவும் கதைத்தார். இப்போது இஷாவுக்குப் பிறகு அரை மணித்தியாலம், கூடத்தில் இருந்து, எல்லோருக்கும் தெரிய விளையாடுகிறேன்.

தோழியின் கைத்தொலைபேசி அலுமாரியிலிருந்து வெளியே வந்துவிட்டது. அவள் புதிதாக ஒரு கணக்குத் தொடங்கியிருக்கிறாள். முதல் நாளே அதன் இலக்கத்தையும் திகதியையும் என் கொப்பியில் எழுதச் சொன்னாள். நான் எழுதினேன். கடவுச்சொல்லை மட்டும் அவள் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.